கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பவன்

பாஸ்டன் நகரத்துப் போலீஸ் கோர்ட்டுக்கு அருகில் ஜான் அகஸ்டஸ் என்பவர் பூட்ஸ் தைத்து விற்கும் கடை ஒன்று வைத்திருந்தார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1841-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில் அவர் அந்தக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது லாக்கப்பின் கதவு திறந்தது. கந்தல் உடுத்த ஒரு மனிதனைச் சேவகன் அழைத்துக்கொண்டு வந்தான். ஓயாமல் குடித்துத் திரிகிறவன் என்பது குற்றச்சாட்டு. குற்றம் ருசுவாகிவிட்டது, சிறைக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சில நிமிஷ இடைவெளியில் அகஸ்டஸ் அவனிடம் போய்ப் பேசினார். இந்த ஒரு தடவை தப்பித்தால் இனிக் குடியைத் தொடுவதில்லை என்று அவன் சொன்னான்.

குடிகாரனுடைய சத்தியத்தை எவன் நம்புவான்? அகஸ்டஸ் நம்பினார். கோர்ட்டாரின் அனுமதி பெற்று அவனுக்கு ஜாமீன் நின்றார். வெளியே அழைத்துப் போய், குடிப்பதில்லை என்ற பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். மூன்று வாரம் கழித்து இருவரும் மறுபடி கோர்ட்டுக்கு வந்தார்கள். வந்திருப்பவன் பழைய ஆள்தான் என்று ஒருவராலும் நம்ப முடியவில்லை. நீதிபதி ஒரு சென்ட் அபராதம் போட்டார். கோர்ட்டுச் செலவும் சேர்த்து மொத்தம் 3 டாலர் 76 சென்ட். அவன் அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரம் படிப்பதில் ஒரு பலவீனம் உண்டு. ராஜாவும் மந்திரியும் பேசிக்கொண்டிருக்கும்போது, வாசற்படியில் நிற்கிற ஆள் யார் என்று எட்டிப் பார்ப்பான். அமெரிக்காவில் போதை மருந்துக் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பும் கோர்ட்டுகள் இப்போது ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. அவற்றின் சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோது சட்டமும் நீதிபதியும் எனக்கு இரண்டாம் பட்சமாகப் போய்விட்டார்கள். கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்ற ஆள்தான் என் கண்ணில் பட்டான். அவன் யார், எங்கிருந்து வந்தான், சட்டம் அவனை எப்படி நடத்தியது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அகஸ்டஸ் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. அந்த வருஷங்களில் பாஸ்டனில் ஒரு புது இயக்கம் அலை மோதிக்கொண்டிருந்தது. அதன் பிறப்பிடம் பால்டிமோர் நகரத்தில் ஒரு சாராயக்கடை. 1840-ஆம் வருஷம் ஏப்ரலில் அங்கே வழக்கமாகக் கூடிக் குடிக்கிற ஆறு பேர், ஊரில் நடந்த மதுவிலக்குப் பிரசங்கத்தைக் கேட்டுவரத் தங்களில் சிலரை அனுப்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுக் கடையிலேயே விவாதம் நடந்தது. முடிவில் ஆறு பேரும் குடியை விடுவதென்று தீர்மானித்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தச் சங்கத்தின் ரகசியம் மிகச் சாதாரணமானது. அங்கே உபதேசம் கிடையாது. குடித்துக் கெட்டவன் ஒருவன் எழுந்து நின்று, தான் கெட்ட கதையையும் மீண்ட கதையையும் சொல்லுவான், உட்காருவான். அடுத்தவன் எழுந்திருப்பான். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவனும் இன்னொருவனைக் கூட்டி வர வேண்டும். அவ்வளவுதான் சாஸ்திரம். இரண்டு மூன்று வருஷத்துக்குள் லட்சக்கணக்கானவர்கள் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாகச் சங்கத்தார் கணக்குச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் உற்சாகமும் கலந்திருக்கலாம். ஆனால் அலை உண்மையானது.

இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் முப்பத்துமூன்று வயது வக்கீல் ஒருவர் இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் 1842 பிப்ரவரி 22-இல் பேசினார். ஆபிரகாம் லிங்கன் என்பது அவர் பெயர். அதுவரை நடந்த மதுவிலக்குப் பிரசாரம் ஏன் பலிக்கவில்லை என்று அவர் அலசினார். பாதிரியும் வக்கீலும் கூலிக்குப் பேசுகிறவனும் மேடையேறினால், இவனுக்கு இதில் என்ன லாபம் என்றுதான் ஜனங்கள் யோசிப்பார்கள். மீண்ட குடிகாரன் பேசும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். தானே வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொன்னாரே, அங்கேதான் லிங்கன் தெரிகிறார்.

அகஸ்டஸ் இந்த வாஷிங்டன் சங்கத்தின் பாஸ்டன் கிளையில் அங்கத்தினர். அவரே குடித்துக் கெட்டவர் என்று சரித்திரம் சொல்லவில்லை. ஆனால் குடித்துக் கெட்டவன் மீளக்கூடியவன் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; வாரந்தோறும் கண்ணால் கண்டார். அந்தத் தைரியத்தில்தான் ஜாமீன் நின்றார். ஒருவனுக்கு நின்றவர் பிறகு பலருக்கு நின்றார். 1858 வரை 1,946 பேருக்கு. அவர்களில் 794 பேர் பெண்கள். கோர்ட்டுச் சிப்பந்திகளுக்கு அவரைக் கண்டால் பிடிக்காது. சிறைக்குப் போகும் ஒவ்வொரு தலைக்கும் அவர்களுக்கு ஒரு கட்டணம் உண்டு; அகஸ்டஸ் அழைத்துப் போகும் ஒவ்வொரு தலையும் அவர்களுக்கு நஷ்டம். அவருடைய பூட்ஸ் வியாபாரமோ படுத்துவிட்டது. காலையெல்லாம் கோர்ட்டில் நின்றால் தோலை யார் அறுப்பது? 1859-இல் அவர் காலமானபோது சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதற்குள் வாஷிங்டன் சங்கமும் கலைந்துவிட்டது. மனத்தை மாற்றுவதா, சட்டம் போட்டுத் தடுப்பதா என்று உள்ளே சண்டை வந்தது, அரசியல் புகுந்தது, பத்து வருஷத்துக்குள் பெரும்பாலான கிளைகள் மூடிக்கொண்டன.

அகஸ்டஸ் செய்த காரியத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 1878-ஆம் வருஷம் மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு சட்டம் செய்தது. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விட்டுப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஓர் அதிகாரியைப் பாஸ்டன் மேயர் நியமிக்கலாம் என்றது அந்தச் சட்டம். உலகம் முழுவதும் பின்னால் பரவிய பிரொபேஷன் முறைக்கு இதுதான் முதல் சட்டம். அந்த வேலைக்கு முதலில் யாரை நியமித்தார்கள் தெரியுமா? எட்வர்டு சாவேஜ் என்பவரை. அவர் அதுவரை பாஸ்டன் நகரத்துப் போலீஸ் தலைவராக இருந்தவர்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். பூட்ஸ்காரர் நின்ற இடத்தில் போலீஸ்காரர் வந்து நின்றார். இரண்டு பேரும் கைதியின் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறார்கள். ஒருவர் பார்ப்பது விழுந்தால் தூக்க. மற்றவர் பார்ப்பது விழுந்தால் எழுதி அனுப்ப. விழுந்தவன் முதல் ஆளிடம் ஓடி வருவான். இரண்டாவது ஆளைக் கண்டால் ஓடி ஒளிவான். உதவியையும் உளவையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்தால், நாளாக ஆக உளவு மிஞ்சும், உதவி தேய்ந்துபோகும்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷத்துக்குக் கோர்ட்டு ஒரு பக்கமும், மீண்டவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்தே நடந்தார்கள்.

கோர்ட்டின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 1914-இல் ஹாரிசன் சட்டம் வந்தது. அபினியும் மார்பினும் கொக்கெய்னும் விற்பதற்குக் கணக்கும் வரியும் விதிக்கிற சட்டம் அது. ஆனால் பழக்கத்துக்கு அடிமையானவனுக்கு அந்தப் பழக்கத்தைப் பராமரிப்பதற்காக டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பது வைத்தியம் ஆகாது என்று 1919-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோயாளி டாக்டரிடமிருந்து பிரிந்து போலீஸிடம் போய்ச் சேர்ந்தான். சிறைகள் நிரம்பின. 1935-இல் கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் ஊருக்கு அருகே மத்திய சர்க்கார் ஒரு பெரிய நிலையம் திறந்தது. கொஞ்சம் ஆஸ்பத்திரி, கொஞ்சம் ஜெயில், கொஞ்சம் பண்ணை. கைதிகளும், தாமாக வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அங்கே கெட்டிக்கார டாக்டர்கள் இருந்தார்கள். நல்ல ஆராய்ச்சி நடந்தது. வெளியே போனவர்களில் பெரும்பாலோர் பழைய தெருவுக்குப் போய்ப் பழைய பழக்கத்தில் விழுந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

அதே 1935-இல், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்தில் வேறொரு காரியம் நடந்தது. பில் வில்ஸன் என்ற பங்கு வியாபாரி, வந்த வேலை கெட்டுப்போய், ஹோட்டல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுசாலையின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனை எடுத்தார். தன்னைப் போல் குடித்துத் தவிக்கிற ஓர் ஆள் இந்த ஊரில் இருந்தால் சொல்லுங்கள் என்று பாதிரிமார்களைக் கேட்டார். மற்றவனைத் திருத்துவதற்கு அல்ல. தான் விழாமல் இருப்பதற்கு. அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற டாக்டர். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பேச்சிலிருந்துதான் 'பெயரில்லாக் குடிகாரர்கள்' என்ற உலகப் பிரசித்தமான சங்கம் பிறந்தது. 1947-இல் லெக்ஸிங்டன் மதிலுக்குள்ளேயே போதை மருந்துக்காரர்கள் இந்த மாதிரி ஒரு கூட்டம் ஆரம்பித்தார்கள். 1953-இல் தெற்குக் கலிபோர்னியாவில் அவர்களுக்கென்று தனிச் சங்கமே ஏற்பட்டது.

பால்டிமோர் சாராயக்கடையில் ஆறு பேர் கண்டுபிடித்ததைத்தான் இவர்கள் மறுபடி கண்டுபிடித்தார்கள். ஆனால் வாஷிங்டன் சங்கம் போல் அரசியலில் தலையிடாமல் இருந்தார்கள், அதனால் பிழைத்தார்கள்.

1962-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வார்த்தை சொல்லிற்று. போதைப் பழக்கம் இருக்கிறது என்ற ஒன்றையே குற்றமாக்கித் தண்டிப்பது கொடுமை, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நோயாளியாக இருப்பது குற்றமல்ல என்று ஆயிற்று. ஆனால் மருந்தைக் கையில் வைத்திருப்பது குற்றமாகவே இருந்தது. 1986-இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. 'கிராக்' என்று பெயர் வாங்கிய மலிவான கொக்கெய்ன் ஐந்தே கிராம் விற்கப் பிடித்தாலும் குறைந்தது ஐந்து வருஷம் சிறை. பணக்காரர் உறிஞ்சும் பொடிக் கொக்கெய்னாக இருந்தால் அதே தண்டனைக்கு ஐந்நூறு கிராம் வேண்டும். ஏழைத் தெருக்களிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

இந்த வெள்ளம் முதலில் கரை உடைத்த இடங்களில் ஒன்று ப்ளாரிடா மாநிலத்து மியாமி. ஜெயிலில் இடமில்லை. இன்று விட்டவன் நாளை வருகிறான். தலைமை நீதிபதி வெதரிங்டன், ஹெர்பர்ட் க்ளைன் என்ற நீதிபதியை இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்படி அனுப்பினார். ஜில்லாவின் பிராசிகியூட்டர் ஜேனட் ரீனோவும், ஏழைகளுக்கான சர்க்கார் வக்கீல் பென்னட் ப்ரம்மரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்டனை வாங்கித் தரச் சம்பளம் வாங்குகிறவர்; ஒருவர் விடுவிக்கச் சம்பளம் வாங்குகிறவர். இருவரும் ஒரே மேஜைக்கு வந்ததே அதிசயம். 1989-இல் அங்கே முதல் போதை மருந்துக் கோர்ட்டு திறந்தது. நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தவர் ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன். விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: அவரும் ஒரு காலத்தில் போலீஸ்காரர்!

ஆனால் இந்தப் போலீஸ்காரர் வேறு தினுசு. வக்கீல்களைத் தாண்டிக் குற்றவாளியிடம் நேரே பேசினார். போன வாரம் கூட்டத்துக்குப் போனாயா, வேலை கிடைத்ததா, சிறுநீர்ப் பரிசோதனையில் என்ன வந்தது என்று கேட்டார். தேறியவனைக் கோர்ட்டே கைதட்டிப் பாராட்டியது. ஒரு தடவை விழுந்தால் கதை முடிந்தது என்று நினைக்காமல், விழுவதும் நோயின் ஒரு பகுதி என்று வைத்து நடத்தினார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஒழுங்காக நடந்தால் வழக்கு ரத்து. 1993-இல் ஜேனட் ரீனோ நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1994-ஆம் வருஷச் சட்டம் இத்தகைய கோர்ட்டுகளுக்கு மத்திய சர்க்கார் பணத்தைத் திறந்துவிட்டது. இன்று போதை மருந்துக் கோர்ட்டும் அதன் கிளைகளுமாக அந்த நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் அந்த மேஜையைச் சுற்றி எண்ணிப் பாருங்கள். நீதிபதி, பிராசிகியூட்டர், வக்கீல், பிரொபேஷன் அதிகாரி, சிகிச்சை நிலையத்து ஆலோசகர். எல்லாரும் படித்தவர்கள்; எல்லாருக்கும் கைதியின் மேல் ஏதோ ஓர் அதிகாரம் உண்டு. மீண்டவனுக்கு மட்டும் அங்கே நாற்காலி இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. போதையில் விழுந்தவர்களில் பெரும் பகுதியினருக்கு மனநோயும் உண்டு. சிலருக்கு நோய் முதலில், போதை பிறகு, சிலருக்குத் தலைகீழ். 1955-இல் அமெரிக்க மாநிலங்களின் மனநோய் ஆஸ்பத்திரிகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களை ஊரிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று 1963-இல் கென்னடி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிகள் காலியாயின, ஊரில் கட்டுவதாகச் சொன்ன நிலையங்களில் பல கட்டப்படவில்லை. வெளியே வந்தவன் தெருவுக்குப் போனான். தெருவிலிருந்து ஜெயிலுக்குப் போனான். 1997-இல் மியாமிக்குப் பக்கத்து ஜில்லாவான ப்ரோவர்டில் மனநோயாளிகளுக்கென்று தனிக் கோர்ட்டு வந்தது. ஆனால் அநேக இடங்களில் போதை மருந்துக் கோர்ட்டு, 'இவனுக்குப் பைத்தியம், இங்கே வேண்டாம்' என்றது. மனநோய்க் கோர்ட்டு, 'இவன் போதைக்காரன், அங்கே போகட்டும்' என்றது. இரண்டும் சேர்ந்தவன் இரண்டு படகுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தான்.

மனநோய் வைத்தியத்திலும் இந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குப் பழைய வரலாறு உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் பிஸேத்ர் விடுதியில் டாக்டர் பினேல் மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்தார் என்று படம் போட்டுப் பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே 1797-இல் சங்கிலியை அவிழ்த்தவர் பூஸன் என்ற மேற்பார்வையாளர். அவர் அதே விடுதியில் கண்டமாலை நோயாளியாகப் படுத்துக் கிடந்து குணமானவர். வேலையாட்கள் வேண்டும்போது கூடுமானவரை குணமான நோயாளிகளையே அவர் எடுத்துக்கொண்டார். அவர்கள் அடிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. பினேலே இதைத் தம் நூலில் மெச்சி எழுதியிருக்கிறார்.

இருநூறு வருஷம் கழித்து, 1999-இல் ஜார்ஜியா மாநிலம் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டது. மனநோயிலிருந்து தேறியவர் இன்னொரு நோயாளிக்குத் துணையாக இருந்தால், ஏழைகளின் வைத்தியத்துக்கான சர்க்கார் நிதியிலிருந்து அவருக்குச் சம்பளம் தரலாம் என்று முதலில் ஏற்பாடு செய்தது அந்த மாநிலந்தான். 2007-இல் மத்திய சர்க்கார் எல்லா மாநிலங்களுக்கும் இதற்கு வழிமுறை எழுதி அனுப்பியது. போதையிலிருந்து மீண்டவர்களுக்கும் அதே கதவு திறந்தது. பயிற்சி, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வந்தன. இங்கிலீஷில் இவர்களுக்கு நீளமான உத்தியோகப் பெயர் இருக்கிறது. நான் 'மீண்ட துணைவர்' என்றே சொல்கிறேன்.

கோர்ட்டுக்குள் இந்தத் துணைவரின் அருமை தெரிந்த சம்பவம் ஒன்று நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தில் நடந்தது. நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் அங்கே 1995-இல் போதை மருந்துக் கோர்ட்டு ஆரம்பித்தவர். பிறகு மனநோய்க் கோர்ட்டும் நடத்தினார். ஒரு நாள் வியட்நாம் யுத்தத்தில் இருந்த ஒருவர் அவர் முன் வந்தார். தலை தொங்கிவிட்டது, கேட்ட கேள்விக்கு முனகல்தான் பதில். சிகிச்சையும் பலிக்கவில்லை. ரஸ்ஸல் தம் கோர்ட்டைச் சேர்ந்த இரண்டு பேரைப் பார்த்தார். அவர்களும் வியட்நாமில் இருந்தவர்கள். இவரை வெளியே தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்றார். சற்று நேரம் கழித்து மூவரும் திரும்பினார்கள். அந்த மனிதர் சிப்பாய் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். நீதிபதியைக் கண்ணுக்குக் கண் பார்த்தார். இனி முயற்சி செய்வேன் என்றார். 2008-இல் ரஸ்ஸல் முன்னாள் சிப்பாய்களுக்கென்று தனிச் சிகிச்சைக் கோர்ட்டே தொடங்கினார். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னாள் சிப்பாய் துணை.

நீதிபதியின் ஆசனத்தால் முடியாதது தாழ்வாரத்தில் முடிந்தது. ஏன்? அங்கே எழுதிக்கொள்ள ஆள் இல்லை. பேசியவனுக்குக் கைதியின் மேல் அதிகாரம் இல்லை. 'நான் அங்கே இருந்தேன்' என்ற ஒரு தகுதிதான் உண்டு.

இன்று பல கோர்ட்டுகளில் மீண்ட துணைவர்கள் இருக்கிறார்கள். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவனை வாசலில் சந்திக்கிறார்கள். டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். படுக்க இடம், அடையாளச் சீட்டு, பஸ் சார்ஜு இவற்றுக்கெல்லாம் அலைகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்கும்போது டெலிபோனை எடுக்கிறார்கள். இந்த வாசல் சின்ன விஷயம் அல்ல. 1999 முதல் 2003 வரை வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை மருந்து மிஞ்சி இறக்கும் அபாயம் மற்ற ஜனங்களைவிட 129 மடங்கு. சிறையில் உடம்பு பழக்கத்தை மறந்துவிடுகிறது. மனம் பழைய அளவையே கேட்கிறது. 2021 முதல் 2023 வரை ஒவ்வொரு வருஷமும் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மருந்து மிஞ்சி இறந்தார்கள். அந்த இரண்டு வாரம் கூட நடக்க ஓர் ஆள் இருப்பதும் இல்லாததும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

இந்தக் கோர்ட்டுகளுக்கு எதிர்ப்பும் உண்டு. டென்வர் நகரத்து நீதிபதி மாரிஸ் ஹாஃப்மன் 2000-இல் கடுமையாக எழுதினார்: சிகிச்சை கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தால் போலீஸார் முன்னைவிட அதிகம் பேரைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள், கோர்ட்டு சிறியவர்களையும் வலையில் வாரிக்கொள்கிறது என்று. 2005-இல் மத்திய சர்க்காரின் தணிக்கைக் காரியாலயம் 27 மதிப்பீடுகளை ஆராய்ந்தது. இந்தக் கோர்ட்டுகளில் இருக்கும் காலத்தில் மறு குற்றம் குறைகிறது என்று கண்டது. போதைப் பழக்கமே குறைந்ததா என்பதில் முடிவு கலப்படமாக இருந்தது. மெதடோன், பூப்ரனார்ஃபின் போன்ற மருந்துகளால் தேறுகிறவர்களை, 'இது ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை' என்று பல நீதிபதிகள் தடுத்தார்கள். அப்படித் தடுத்தால் பணம் இல்லை என்று 2015-இல் மத்திய சர்க்கார் சொல்ல வேண்டியிருந்தது. இந்தப் பிடிவாதம் மீண்டவர்கள் சிலரிடமும் உண்டு. தான் நடந்த பாதைதான் பாதை என்று நினைப்பது மனித சுபாவம். மீண்டுவிட்டதால் ஒருவன் ஞானியாகிவிடுவதில்லை. அதனால்தான் பயிற்சி வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. விசாரணைக்கு முன்னால் அதிகாரிகள் கூடி ஒவ்வொருவனைப் பற்றியும் பேசுவார்கள். அந்த அறைக்குத் துணைவரையும் அழைத்து, 'உங்கள் ஆள் எப்படி இருக்கிறான்? இந்த வாரம் ஏதாவது தொட்டானா?' என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? சொன்னால், அவன் இரண்டு நாள் ஜெயிலுக்குப் போவான். அடுத்த தடவை நடு ராத்திரியில் டெலிபோன் மணி அடிக்காது. சொல்லாவிட்டால், சம்பளம் தருகிற இடத்துக்குத் துரோகம். சிகிச்சையைப் பற்றிய செய்தியை நோயாளியின் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாதென்று 1970-களிலிருந்தே மத்திய விதி இருக்கிறது. ஆனால் சிகிச்சைக் கோர்ட்டில் சேருகிறவன் முதல் நாளே சம்மதத்தில் கையெழுத்திடுகிறான். ஆகையால் பரிசோதனை முடிவையும், வந்தானா இல்லையா என்பதையும் ஆலோசகரும் அதிகாரியும் சொல்லட்டும்; துணைவரிடம் கேட்கக் கூடாது, உயிருக்கு அபாயம் என்றால் ஒழிய அவரும் சொல்லக் கூடாது என்று இந்தத் துறையில் அனுபவப்பட்டவர்கள் வற்புறுத்துகிறார்கள். விதி நல்ல விதிதான். ஆனால் வேலை நெருக்கடியில், ஆள் போதாத ஜில்லாவில், 'கொஞ்சம் அவனைப் பார்த்துக்கொள்' என்ற வார்த்தை 'கொஞ்சம் அவனைப் பற்றிச் சொல்' என்று மாற எத்தனை நாள் ஆகும்?

இன்னொரு விபரீதமும் உண்டு. இவர்களில் பலர் சிறைக்குப் போய் வந்தவர்கள். அந்த அனுபவந்தான் இவர்களுடைய படிப்பு. ஆனால் ஜில்லாக் காரியாலயத்தில் வேலைக்கு மனுப்போட்டால் முதல் கேள்வி, 'உம்மேல் வழக்கு உண்டா?' என்பது. எந்தத் தகுதிக்காகக் கூப்பிட்டார்களோ அதையே காரணம் காட்டி வாசலில் நிறுத்துகிறார்கள். எப்படியோ உள்ளே போனாலும் பல இடங்களில் மேஜையைச் சுற்றியிருப்பவர்களில் குறைந்த சம்பளம் அவருக்குத்தான். தானும் விழாமல் இருக்க வேண்டும், மற்றவனையும் தாங்க வேண்டும், அதற்கு இந்தக் கூலி என்றால், அகஸ்டஸின் கடை மூடியது போல் இவருடைய வாழ்க்கையும் மூடிப்போகும்.

நான் அகஸ்டஸையும் சாவேஜையும் இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் இதுதான். பக்கத்தில் நிற்கிற ஆளைச் சட்டம் ஒரு தடவை கண்டுபிடித்தது. அவர் செத்துப் பத்தொன்பது வருஷத்துக்குள் அவருடைய வேலைக்குச் சம்பளமும் அதிகாரமும் கொடுத்து, ஒரு போலீஸ்காரரை நியமித்தது. வேலையின் பெயர் நிலைத்தது, வேலை மாறிப்போயிற்று. இப்போது இரண்டாம் தடவையாக அதே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தத் தடவை அவனுக்குச் சம்பளம் கொடுக்கட்டும். நல்ல சம்பளமாகவே கொடுக்கட்டும். நாற்காலியும் கொடுக்கட்டும். ஆனால் அந்த நாற்காலியைத் தாழ்வாரத்திலேயே போடட்டும். எழுதுவதற்குக் கையில் பேனா மட்டும் கொடுக்காமல் இருக்கட்டும்.